மட்டை பேசவில்லை, மக்கள் பேசினர்!

தோழர்களே!

ஓர் ஆட்டக்காரர் மூன்று முறை மட்டை பிடிக்கிறார். மூன்று முறையும் வெறுங்கையோடு திரும்புகிறார். அப்படிப்பட்டவரைக் கண்டால் கூட்டம் என்ன செய்யும்? கூச்சல் போடும், கேலி பேசும், வீட்டுக்குப் போ என்று விரட்டும். உலகமெங்கும் ரசிகர் வழக்கம் அதுதான்.

ஆனால் 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள், அமெரிக்க நாட்டில், நியூயார்க் மாநகரின் புரூக்ளின் பகுதியில், எபட்ஸ் திடலில் கூடியிருந்த இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் அப்படிச் செய்யவில்லை. வெறுங்கையோடு திரும்பியவரையும் வாழ்த்தினர், வரவேற்றனர்.

காரணம் என்ன? அவர் நிறம் கறுப்பு. அந்தத் திடலிலே, அந்தச் சட்டையிலே, அதற்கு முன் ஒரு கறுப்பர் நின்றதில்லை!

அவர் பெயர் ஜாக்கி ராபின்சன். வயது 28. சட்டையில் எண் 42. ஜார்ஜியா மாநிலத்தில், பிறர் நிலத்தை வாரத்துக்கு உழுத குடும்பத்தில் பிறந்தவர். அடிமையாய்ப் பிறந்த பாட்டியின் பேரன். பல்கலைக் கழகத்தில் நான்கு விளையாட்டுகளில் பெயர் பெற்றவர். படையில் அதிகாரியாக இருந்தபோது, 1944இல், பஸ்ஸில் பின்னால் போய் உட்காரச் சொன்னார்கள். மறுத்தார். இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றமற்றவர் என்று விடுதலையாகி வந்தார். உட்காரும் இடத்துக்காக உத்தியோகத்தையே பணயம் வைத்த மனிதர் அவர்!

அவர் ஆடிய ஆட்டம் பேஸ்பால். நாமறிந்த கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக் கொள்ளுங்கள். வீசிய பந்தை உருண்டை மட்டையால் அடித்துவிட்டு, மூன்று தளங்களைத் தொட்டுச் சுற்றி ஓடி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். வசந்த காலத்தில் தொடங்கி இலையுதிர் காலம் வரை ஊர் ஊராக நடக்கும். தொடக்க நாள் வந்தால் அந்நாட்டு மக்களுக்குத் திருவிழா.

அந்தத் திருவிழாவுக்கு எல்லோரும் வரலாம், சீட்டு வாங்கலாம், கை தட்டலாம். பெரிய லீக்கில் ஆட மட்டும் கறுப்பருக்கு இடமில்லை. 1884இல் மோசஸ் பிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பர் ஆடினார். அதன்பின் அடைத்த கதவு அறுபது ஆண்டுகளுக்கு மேல் திறக்கவில்லை.

அடைத்தது எந்தச் சட்டம்? சட்டமே கிடையாது! ‘கனவான்கள் ஒப்பந்தம்’ என்று அதற்குப் பெயர். ஏட்டில் எழுதாமல், எழுதியதைவிடக் கடுமையாக நடத்திக் காட்டிய ஒப்பந்தம். கனவான்கள் அல்லவா? கையெழுத்து எதற்கு!

கேட்டவர்களுக்கு என்ன பதில் சொன்னார்கள்? “தகுதியுள்ளவன் கிடைத்தால் சேர்க்க மாட்டோமா? திறமைதான் இல்லையே!” என்றார்கள். பந்தயத்தில் ஓடவே விடாமல், ஓடத் தெரியாதவன் என்று தீர்ப்பு! இந்தச் சொற்களை எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதா, தோழா? நான் ஊர்ப் பெயர் எதுவும் சொல்லவில்லை.

புரூக்ளின் டாட்ஜர்ஸ் குழுவின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, 1945இல் ராபின்சனைத் தேர்ந்தெடுத்தார். ரிக்கி கொள்கைக்காரரா, வியாபாரியா? இரண்டும்தான். நியாயம் தெரிந்தவர்; கறுப்பின மக்கள் வாங்கப் போகும் சீட்டின் விலையும் தெரிந்தவர். அவர் விதித்த நிபந்தனை கடுமையானது. எவன் ஏசினாலும் ஏசக்கூடாது. எவன் இடித்தாலும் இடிக்கக்கூடாது. திருப்பியடிக்காமல் இருக்கும் துணிச்சல் வேண்டும் என்றார். சொந்தக் குழுவிலேயே சில ஆட்டக்காரர்கள், இவரோடு ஆட மாட்டோம் என்று மனுத் தயாரிக்க முனைந்தார்கள். அந்த மனு எடுபடவில்லை. பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தவர், திடலில் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க ஒப்புக்கொண்டார்.

இது ராபின்சனின் பெருமை. எல்லோரும் எழுதியாயிற்று. நான் சொல்ல வந்தது திடலைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் பெருமையை!

அன்று செவ்வாய்க்கிழமை. ஆட்டம் பிற்பகலில். உழைத்துப் பிழைப்பவனுக்கு வேலை நாளின் பிற்பகல் என்றால் என்ன பொருள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்படியிருந்தும் வந்தார்கள். வந்தவர்களில் செம்பாதிக்கு மேல் கறுப்பின மக்கள் என்பது கணக்கு. ‘நான் ஜாக்கியின் பக்கம்’ என்று எழுதிய பொத்தானைச் சட்டையில் குத்திக்கொண்டார்கள். ஐந்து மாதக் கைக்குழந்தையோடு ராபின்சனின் துணைவியார் ரேச்சலும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்.

அவர்களுக்கும் ஒரு நிபந்தனை இருந்தது! கறுப்பின மக்களின் ஏடுகளும் தேவாலயங்களும் முன்கூட்டியே எச்சரித்திருந்தன: குடித்துவிட்டுப் போகாதீர், கூச்சல் போடாதீர், வம்புக்கு நிற்காதீர், உங்களில் ஒருவர் தவறினால் பழி ஜாக்கியின் தலையில் விழும். ஒரு மனிதன் பந்தைத் தவறவிட்டால் ஓர் இனத்துக்கே தகுதியில்லை என்பார்கள். ஒரு ரசிகன் கை நீட்டினால் ஓர் இனத்துக்கே நாகரிகம் இல்லை என்பார்கள். வெள்ளையர் ரசிகராக வந்தால் போதும். கறுப்பரோ தம் இனத்துக்கே சாட்சியாக வரவேண்டியிருந்தது. அநியாயமான சுமைதான். ஆனாலும் சுமந்தார்கள். ஆரவாரம் இருந்தது, அடிதடி இல்லை.

ஆட்டத்துக்கு வருவோம். எதிரே பாஸ்டன் பிரேவ்ஸ் குழு. பந்து வீசியவர் ஜானி செய்ன், கைதேர்ந்தவர். ராபின்சன் மூன்று முறையும் ஆட்டமிழந்தார். ஏழாவது சுற்று வந்தது. புரூக்ளின் 2, பாஸ்டன் 3. நான்காம் முறையாக மட்டையோடு நின்றார் ராபின்சன். ஓங்கி அடிக்கவில்லை. பந்தை மெல்லத் தட்டிவிட்டு, முதல் தளம் நோக்கிப் பறந்தார். அந்த வேகம் எதிரியைப் பதற வைத்தது. பதறி எறிந்த பந்து ராபின்சன் உடலில் பட்டு எங்கோ ஓடிற்று. அவர் நிற்கவில்லை, இரண்டாம் தளத்துக்கே போய்விட்டார். அடுத்து வந்த பீட் ரைசர் அடித்த அடியில், முன்னால் நின்றவரும் ராபின்சனும் ஓடி வந்து சேர்ந்தார்கள். வெற்றிக்கு வழி காட்டிய ஓட்டம் ராபின்சனுடையது. முடிவில் புரூக்ளின் 5, பாஸ்டன் 3.

மட்டையால் ஓர் அடிகூட அடிக்காமல் வெற்றிக்கு உதவினார். கூட்டம் மகிழ்ந்து கலைந்தது.

எல்லோரும் மகிழ்ந்தார்களா? இல்லை. முப்பதாயிரத்துக்கு மேல் கொள்ளும் திடலில், திருவிழா நாளிலும் பல ஆயிரம் இடங்கள் காலி. அப்போது நகரத்தில் அம்மை நோய்ப் பீதி இருந்தது உண்மை. அம்மைக்குப் பயந்து வராதவர் எத்தனை பேர், கறுப்பர் பக்கத்தில் உட்காரக் கூசி வராதவர் எத்தனை பேர் என்று யார் எண்ணிச் சொல்வது? மறுநாள் பல ஏடுகளுக்கும் இது தலைப்புச் செய்தியாகத் தெரியவில்லை. குழுவின் மேலாளர் லியோ டுரோச்சருக்கு ஓராண்டுத் தடை விதித்த சங்கதிதான் அவற்றுக்குப் பெரிதாக இருந்தது. வரலாறு வாசலில் வந்து நின்றபோது, வம்புப் பேச்சில் ஆழ்ந்திருந்தார்கள்!

ஒரு வாரம் கழிந்தது. பிலடெல்பியா குழு வந்தது. அதன் மேலாளர் பென் சாப்மன், நிறத்தைச் சொல்லி, இனத்தைச் சொல்லி, கூசாமல் ஏசினார். ராபின்சன் வாய் திறக்கவில்லை. ஆனால் அவரோடு ஆடிய எட்டி ஸ்டாங்கி என்ற வெள்ளையர் பொறுக்க முடியாமல் பதிலுக்குச் சீறினார். எந்தக் குழுவில் மனுப் போட முனைந்தார்களோ, அந்தக் குழுவிலிருந்தே எழுந்த குரல் அது.

ரசிகர்களும் மாறினார்கள். புரூக்ளின்காரர்கள் வேடிக்கையானவர்கள். தம் குழுவையே ‘உதவாக்கரைகள்’ என்று செல்லமாகத் திட்டுவார்கள். ஆண்டுதோறும் தோற்று, “அடுத்த வருஷம் பார்!” என்று ஆறுதல் சொல்லிக்கொள்வார்கள். அந்த உதவாக்கரைக் குடும்பத்தில் ராபின்சனும் ஒருவரானார். கறுப்பின மக்கள் அவர் ஆட்டத்தைக் காணத் தொலைதூர ஊர்களிலிருந்து இரயிலேறி வந்தார்கள். அந்த ஆண்டு புரூக்ளின் ஆட்டங்களைத் தம் ஊரில் பார்த்தவர்கள் பதினெட்டு இலட்சம் பேர். ஏப்ரலில் காலி இடங்கள் கண்ட அதே திடல், செப்டம்பரில் ‘ஜாக்கி ராபின்சன் நாள்’ கொண்டாடி, அவருக்குக் காரே பரிசளித்தது. அந்த ஆண்டின் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் என்ற விருதும் வந்தது. திறமை இல்லை என்ற கனவான்களை அதன்பின் காணோம்!

ஆனால், தோழர்களே, கைதட்டலோடு கதையை முடித்துவிட்டால் நாம் ஏமாளிகள்.

கதவு திறந்தது; ஒரேயடியாகத் திறக்கவில்லை. பாஸ்டன் நகரின் இன்னொரு குழுவான ரெட் சாக்ஸ், முதல் கறுப்பரைச் சேர்த்தது 1959இல். ஒரு கதவுக்கும் மறு கதவுக்கும் பன்னிரண்டு ஆண்டு! கறுப்பின மக்கள் தாமே வளர்த்த லீக்குகள் என்னவாயின? ரசிகர்கள் ஜாக்கியின் பின்னே போனார்கள். அந்த லீக்குகள் தேய்ந்தன. ராபின்சனை ஆளாக்கிய கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் குழுவுக்கு ரிக்கி ஒரு காசும் தரவில்லை. வெற்றிக்கு விலை உண்டு. அதைக் கொடுத்தவர்கள் கணக்கில் வருவதில்லை.

இன்னொன்று. ஆட விட்டார்கள், ஆள விட்டார்களா? ஓடு என்றார்கள், அடி என்றார்கள். குழுவை நடத்தும் மேலாளர் நாற்காலியில் மட்டும் கறுப்பரை உட்கார வைக்கவில்லை. 1972 அக்டோபரில், பெரிய லீக்கில் நுழைந்த இருபத்தைந்தாம் ஆண்டுக்காக ராபின்சனைச் சிறப்பித்தார்கள். நீரிழிவு நோயால் தலை நரைத்து, கண் மங்கி, தளர்ந்து நின்ற மனிதர், நன்றி சொன்ன கையோடு கேட்டார்: மேலாளர் இடத்தில் ஒரு கறுப்பரை என்று காண்பேன்? ஒன்பது நாளில் இறந்தார். வயது 53. பாராட்டு விழாவிலும் பாக்கியைக் கேட்டவர் அவர்!

அந்தப் பாக்கி தீர்ந்தது இன்னொரு தொடக்க நாளில். 1975 ஏப்ரல் 8. கிளீவ்லாந்து திடல். கறுப்பினத்தவரான பிராங்க் ராபின்சன் (உறவினர் அல்லர், பெயர் ஒற்றுமைதான்) பெரிய லீக்கின் முதல் கறுப்பின மேலாளராக வந்தார். மேலாளராக மட்டுமா? தாமே மட்டை பிடித்து, முதல் முறையிலேயே பந்தைத் திடலின் எல்லைக்கு அப்பால் அடித்தார். ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஆர்ப்பரித்தார்கள். தொடக்கப் பந்தை வீசிய அம்மையார் யார் தெரியுமா? ரேச்சல் ராபின்சன்! அன்று கைக்குழந்தையோடு கூட்டத்தில் அமர்ந்தவர், இன்று திடலுக்குள் நின்றார். அன்றைய முடிவும் 5–3!

அந்த இரண்டு தொடக்க நாட்களுக்கும் இடையே 28 ஆண்டுகள். உள்ளே நுழைய ஒரு நாள். தலைமையேற்க இன்னொரு நாள். இரண்டையும் கொண்டு வந்தவர்கள் மட்டை பிடித்தவர்கள் மட்டுமல்லர். கூலியை விட்டு வந்து, கோபத்தை அடக்கி உட்கார்ந்து, அடிக்காத அன்றும் கைதட்டியவர்கள். 1997இல் 42 என்ற எண்ணை வேறெவருக்கும் இனிக் கிடையாதென்று எல்லாக் குழுக்களும் ஓய்வு கொடுத்தன. அந்தக் கூட்டத்தில் இருந்தோருக்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

தோழா! மேடையில் நிற்பவனுக்கு மாலை விழும். கீழே நிற்பவனுக்கு விழாது. ஆனால் அன்று புரூக்ளினில், கீழே நின்றவன் வராமல் போயிருந்தால்? அல்லது வந்து, வம்பு செய்து போயிருந்தால்?

கைதட்டத் தெரிந்தால் போதாது. எதற்காகத் தட்டுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்த கூட்டத்தை எந்தக் கனவானும் வெளியே நிறுத்த முடியாது!