பேனுக்கு வரம்பு உண்டு, மீனுக்கு?

நார்வேக் கடலில் மிதக்கும் வலைக்கூண்டு ஒன்றில் 2 லட்சம் சால்மன் வரை வளர்க்கலாம். அத்தனையிலும் எது நோயுற்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மாடு என்றால் தீனியை ஒதுக்கியதுமே தெரிந்துவிடும்.

அங்கே முதலில் பார்ப்பது கடல் பேனை. கடுங்குளிர் நாட்கள் தவிர, வாரந்தோறும் ஒவ்வொரு கூண்டிலும் சில மீன்களைப் பிடித்து மயக்க மருந்துத் தொட்டியில் விடுகிறார்கள். துள்ளல் அடங்கியதும் ஒவ்வொன்றையும் புரட்டிப் புரட்டிப் பேன் எண்ணுகிறார்கள். தொட்டியில் உதிர்ந்து கிடப்பதும் கணக்கில் சேரும். பேன் என்று பெயரே தவிர, இறால், நண்டு வகையைச் சேர்ந்த உயிர் இது. சால்மனின் தோலையும் இரத்தத்தையும் தின்று வளரும். முதிர்ந்த பெண் பேனின் பின்னால் இரண்டு முட்டைச் சரங்கள் நீண்டு தொங்கும்.

மீனுக்குச் சராசரியாக 0.5 பெண் பேன், அதுவே சட்ட வரம்பு. ஆற்றில் பிறந்த சால்மன் குஞ்சுகள் கடலுக்கு வரும் வசந்த காலத்தில் 0.2. ஆக, இந்த வரம்பு பெரும்பாலும் அந்தக் குஞ்சுகளைக் காக்கத்தான். அதற்கான விலையைக் கொடுப்பது கூண்டு மீன்.

வரம்பைத் தாண்டாதிருக்கப் பேனை நீக்கியாக வேண்டும்; மருந்துகளுக்கோ பேன்கள் பழகிவிட்டன. அதனால் மீன்களைப் பட்டினி போட்டு, வலையை இறுக்கி நெருக்கி, குழாய் வழியே உறிஞ்சி, வெந்நீரில் அரை நிமிடம் போல முக்கியெடுக்கிறார்கள். 28 டிகிரி நமக்கு வெதுவெதுப்புகூட இல்லை. குளிர்நீரில் வளர்ந்த சால்மனோ அந்தச் சூட்டிலேயே தலையை உதறித் தொட்டிச் சுவரில் மோதுகிறது என்று நார்வே ஆய்வாளர்கள் 2019இல் காட்டினார்கள். செவுள் நோயுள்ள மீன் இந்தப் பாட்டைத் தாங்காது. பேன் தின்ன விடப்படும் துப்புரவு மீன்களும் கூண்டுகளில் ஏராளமாகச் சாகின்றன.

2023இல் நார்வேக் கடற்கூண்டுகளில் இறந்த சால்மன்கள் 6.28 கோடி, 16.7 சதவீதம். காரணங்கள் பல. பேன் நீக்கும்போது படும் காயம் அவற்றுள் முக்கியமானது. இத்தனைக்கும் அந்நாட்டின் 2009ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் மீனுக்கும் பொருந்தும்.

இப்போது நீருக்கடியில் கேமரா வைத்து, மீனைத் தொடாமலே பேன், புண், நீந்தும் விதம் எல்லாவற்றையும் கணினி கவனிக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் அதையும் பேன் எண்ண மட்டும் வைத்துக்கொண்டால் பயனில்லை. பேன் கணக்கில் காட்டும் கண்டிப்பை இறப்புக் கணக்கிலும் காட்ட வேண்டும்.