கணினியின் நெடுந்துயில்

2022ஆம் ஆண்டு மார்ச் மாதம். நம் நாட்டில் மின்வெட்டு நாளுக்கு நாள் நீண்டு, அம்மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டிய காலம் அது. நமக்குத் தெரிந்த பல்கலைக்கழக மாணவி ஒருத்தி தன் இறுதியாண்டு ஆய்வுக் கட்டுரையை வீட்டுக் கணினியில் எழுதிக்கொண்டிருந்தாள். பிற்பகலில் மின்சாரம் நின்றது. கணினியின் அருகிலிருந்த யூ.பி.எஸ். பெட்டி கூவத் தொடங்கிற்று. அது தரும் அவகாசம் சில நிமிடங்களே. அவள் பதறவில்லை. கணினியை ‘ஹைபர்நேட்’ எனப்படும் நெடுந்துயிலில் ஆழ்த்தினாள். கட்டுரை இருந்த பென்டிரைவைக் கழற்றிக்கொண்டு, மின்சாரம் இருந்த அயலூர்த் தோழியின் வீட்டுக்குச் சென்றாள். அங்கே மேலும் சில பக்கங்களை எழுதிச் சேர்த்தாள்.

இரவில் வீடு திரும்பி, பென்டிரைவைப் பழைய இடத்திலேயே செருகிக் கணினியை எழுப்பினாள். பிற்பகலில் விட்ட வரி, விட்ட எழுத்தோடு அப்படியே கண்முன் நின்றது. மகிழ்ச்சியோடு ஒரு தடவை சேமித்துவிட்டு உறங்கச் சென்றாள். மறுநாட் காலை பென்டிரைவைத் திறந்தபோது, தோழி வீட்டில் எழுதிய பக்கங்களைக் காணவில்லை. அவை மட்டுமன்று, மூன்று மாதமாகச் சேர்த்த குறிப்புகளிற் பெரும்பகுதியும் திறக்க முடியாதபடி சிதைந்து கிடந்தது.

பென்டிரைவ் பழுதானதன்று, கணினியும் பழுதானதன்று. அப்படியாயின் இவ்விபத்து எங்ஙனம் நேர்ந்தது? இதனை அறிய வேண்டுமாயின், கணினி எவ்வாறு உறங்குகிறது, எவ்வாறு விழிக்கிறது என்பதை நாம் சற்று அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

சிறுதுயிலும் நெடுந்துயிலும்

கணினிக்கு இருவகை நினைவு உண்டு. ஒன்று, வேலை நடக்கும்போது பயன்படும் தற்காலிக நினைவகம். மற்றது, மின்சாரம் நின்றாலும் அழியாத வன்தட்டு. தற்காலிக நினைவகத்தில் உள்ள யாவும் மிக நுண்ணிய மின்னேற்றங்களாகவே நிற்கின்றன. அவை ஓயாது கசிந்துகொண்டிருப்பவை. ஆதலால் 64 மில்லிசெக்கனுக்குள் ஒரு தடவையேனும் அவற்றைப் புதுப்பித்தல் பொதுவான நியதி. புதுப்பிக்க மின்சாரம் இல்லையேல் எழுதிய அனைத்தும் கடற்கரை மணலில் எழுதியது போலாகும்.

நினைவகத்துக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் ஊட்டி, ஏனையவற்றை அணைத்து வைப்பது சிறுதுயில். இதில் கணினி கண நேரத்தில் விழித்துவிடும். ஆனால் மின்சாரம் முற்றாக நின்றால் எல்லாம் போய்விடும். நெடுந்துயிலோ வேறு வகையானது. நினைவகத்தில் உள்ளதை ஒரு பெரும் படமாக வன்தட்டில் எழுதி வைத்துவிட்டுக் கணினி அணைந்துவிடுகிறது. பின்னர் ஒரு வாரம் மின்சாரம் இல்லாவிடினும் கவலையில்லை. குளிர் நாடுகளில் முள்ளெலி முதலிய பிராணிகள் மாரிகாலம் முழுவதையும் உறங்கிக் கழிப்பதைக் குறிக்கும் இலத்தீன் வழிச் சொல்லே ‘ஹைபர்நேட்’ என்பது.

ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு நிலை

நினைவகத்தைப் படமெடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. கணினி என்பது ஒரு தனியாள் அன்று. அது ஒரு பெருங்குடும்பம். திரையை ஆளும் அட்டை, ஒலி அட்டை, வலையமைப்பு அட்டை, வன்தட்டு, விசைப்பலகை என ஒவ்வொன்றும் தன் நிலையைத் தன்னுள்ளேயே குறித்து வைத்திருக்கிறது. திரை எத்தனை புள்ளிகளைக் காட்ட வேண்டும், ஒலி எவ்வளவு உரக்க ஒலிக்க வேண்டும் என்பன போன்ற குறிப்புகள் அவை. இக்குறிப்புகள் பொது நினைவகத்தின் படத்திலே தாமாக இடம்பெறுவதில்லை. மின்சாரம் போனவுடன் அழிந்துவிடுகின்றன. அவற்றை முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொண்டு, விழித்தபின் மீண்டும் சொல்லிக்கொடுப்பதற்கு ஒருவர் வேண்டும். அந்தப் பொறுப்பை ஏற்பதே ‘டிரைவர்’ எனப்படும் சிறு நிரல். நாம் அதனைச் சாரதி நிரல் என்போம்.

இதற்கான விதிகள் ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. 1992இல் இன்டெல், மைக்ரோசொஃப்ட் நிறுவனங்கள் வகுத்த பழைய முறையில், மின்சிக்கனப் பொறுப்பின் பெரும்பகுதி கணினியின் அடிப்படை நிரலான ‘பயோஸ்’ வசமே இருந்தது. எந்த வேலை நடக்கிறது, எந்தச் சாதனம் தேவை என்பதை அது நன்கறியாது. ஆகவே 1996 டிசெம்பரில் இன்டெல், மைக்ரோசொஃப்ட், தொஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் ‘ஏ.சி.பி.ஐ.’ என்னும் புதிய விதித் தொகுதியை வெளியிட்டன. விண்டோஸ், லினக்ஸ் போன்ற பணிசெயல் முறைமைகளிடம் அப்பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. இன்றும் அவ்விதிகளின் வழிவந்தவையே கணினிகளை ஆளுகின்றன.

அவ்விதிகளின்படி ஒவ்வொரு சாதனத்துக்கும் பூச்சியம் முதல் மூன்று வரை நான்கு மின்நிலைகள் உண்டு. பூச்சியம் என்பது முழு விழிப்பு. ஒன்றும் இரண்டும் இடைநிலைகள். அவை எல்லாச் சாதனங்களுக்கும் இருப்பதில்லை. மூன்று என்பது உறக்கம். அவ்வுறக்கத்திலும் ‘சூடானது’, ‘குளிர்ந்தது’ என இரு பிரிவுகள் உள்ளன. சூடான நிலையில் மின்சாரம் இன்னும் எட்டும் தூரத்தில் இருக்கிறது; ஒரு கட்டளையால் சாதனத்தை எழுப்பிவிடலாம். குளிர்ந்த நிலையில் மின்சாரமே இல்லை; விழிக்கும் சாதனம் புதிதாய்ப் பிறந்த குழந்தைக்கு ஒப்பாகும். சூடான நிலையிலிருந்து எழுவதற்குங்கூட அவகாசம் வேண்டும். ‘பி.சி.ஐ.’ முறையில் இணைந்த சாதனத்தை எழுப்பியபின், அதனோடு பேசுமுன் 10 மில்லிசெக்கன் பொறுத்திருத்தல் பொது விதி. அவசரப்பட்டுப் பேசினால் தூக்கக் கலக்கத்தில் உள்ளவரிடம் கேள்வி கேட்டது போலாகும்.

பெற்றோரும் பிள்ளைகளும்

உறங்குவதிலும் ஒழுங்கு உண்டு. விசைப்பலகை ஒரு யூ.எஸ்.பி. கட்டுப்படுத்தியின் வழியாகவே கணினியோடு பேசுகிறது. கட்டுப்படுத்தி முதலில் உறங்கிவிட்டால், விசைப்பலகையிடம் ‘நீயும் உறங்கு’ என்று சொல்ல வழியேது? ஆகவே கட்டுப்படுத்தியைப் பெற்றோர் என்றும், அதனோடு இணைந்த சாதனத்தைப் பிள்ளை என்றும் பொறியியலாளர் வழங்குவர். பிள்ளைகள் உறங்கிய பின்னரே பெற்றோர் உறங்கலாம். காலையில் பெற்றோர் எழுந்த பின்னரே பிள்ளைகளை எழுப்பலாம். நம் வீடுகளில் அன்னையர் நாள்தோறும் செய்வதும் இதுவேயன்றோ!

இனி, படமெடுக்கும் வேளையைக் காண்போம். முன்னாளில் ஸ்டூடியோவுக்குச் சென்று குடும்பப் படம் எடுத்துக்கொண்டவர்கள் அறிவார்கள்: படம்பிடிப்பவர் ‘அசையாதீர்கள்’ என்றதும் அனைவரும் சிலைபோல் நிற்க வேண்டும். கணினியிலும் அவ்வாறே. வலையமைப்பு அட்டை போன்ற சாதனங்கள் மத்திய செயலியைக் கேளாமலே நினைவகத்தில் நேராக எழுதும் வல்லமை உடையவை. படமெடுக்கும்போது அவற்றுள் ஒன்று ஏதேனும் எழுதிவிட்டால் படம் பொய்த்துப்போகும். ஆகவே முதலில் எல்லாச் சாதனங்களையும் அசையாமல் நிறுத்தியாக வேண்டும்.

ஆனால் எடுத்த படத்தை எழுதி வைப்பது வன்தட்டில். அதுவும் அசையாமல் நின்றால் யார் எழுதுவது? எனவே லினக்ஸில் இவ்வேலை மூன்று படிகளாக நடைபெறுகிறது. முதலிற் சாதனங்கள் அசைவற்று நிற்கின்றன. நினைவகத்தின் படம் நினைவகத்திலேயே ஒரு புறமாகப் பிரதி எடுக்கப்படுகிறது. அடுத்து, சாதனங்கள் மீண்டும் இயங்குகின்றன. படம் வன்தட்டில் எழுதப்படுகிறது. இறுதியில் அவை யாவும் மெய்யாகவே உறங்கச் செல்கின்றன. விழிப்பூட்டும் பொறுப்புடைய விசை, வலையமைப்பு அட்டை போன்றன மாத்திரம் வாயிற்காவலரைப் போல் துளி மின்சாரத்தோடு காத்திருக்கக்கூடும்.

முதற் படியில் வேண்டப்படுவது அசையாமை மட்டுமே, மின்சாரத்தை அணைப்பதன்று. இவ்வேறுபாடு முன்னாளில் தெளிவாக உணரப்படவில்லை. சிறுதுயிலுக்கும் படமெடுப்பதற்கும் ஒரே கட்டளையே சாரதி நிரல்களுக்குச் சென்றது. சில வன்தட்டுகள் படத்துக்கு நிற்கச் சொன்னவுடன் சுழற்சியை நிறுத்தி, மறுகணமே எழுதுவதற்காக மீண்டும் சுழன்று தேய்ந்தன. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் தோர்வல்ட்ஸ், இவ்விரண்டும் வெவ்வேறு காரியங்கள் என்று 2007இல் வற்புறுத்தினார். 2008இல் ரஃபாயெல் விசொட்ஸ்கி என்பவரின் முயற்சியால், அசையாதிரு, மீண்டும் இயங்கு, அணைந்துவிடு, பழைய நிலைக்குத் திரும்பு எனத் தனித்தனிக் கட்டளைகள் அமைந்தன.

விழிக்கும்போது நேர்வது

துயிலெழுதலே எல்லாவற்றிலும் கடினமானது. விசையை அழுத்தியதும் எழுவது பழைய கணினியன்று. லினக்ஸில் முதலிற் புதிய கரு நிரல் ஒன்று இயங்கி, சாதனங்களைத் தன் வசதிக்கேற்ப அமைத்து, வன்தட்டிலுள்ள படத்தை நினைவகத்தில் ஏற்றிவிட்டுத் தான் விலகிக்கொள்கிறது. அதன் பின்னரே பழைய கரு நிரல் கண் விழிக்கிறது. தான் உறங்கியதையே அது அறியாது. ஆனால் சாதனங்களோ அது விட்ட நிலையில் இல்லை; இடையில் வந்தவர் வைத்துச் சென்ற நிலையில் இருக்கின்றன. எதையும் முன்போல் இருக்கும் என நம்பாது, ஒவ்வொன்றையும் புதிதாக அமைத்துக்கொள்வதே நல்ல சாரதி நிரலின் இலக்கணம். அது தவறும்போதுதான், எழுந்த கணினியில் ஒலி வராமலும், மவுஸ் அசையாமலும், வலையமைப்பு இணையாமலும் போகின்றன.

இப்போது அம்மாணவியின் கதைக்கு வருவோம். பிற்பகலில் உறங்கிய கணினி, பென்டிரைவில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்னும் அட்டவணையைத் தன் நினைவிலே வைத்துக்கொண்டு உறங்கியது. மாலையில் தோழியின் கணினி அந்த அட்டவணையை மாற்றியது. இரவில் விழித்த கணினி, பென்டிரைவின் தயாரிப்பு எண்ணையும் தொடர் எண்ணையும் மட்டும் ஒப்பிட்டு, ‘இது நாம் அறிந்ததே’ என ஏற்றுக்கொண்டது. உள்ளே உள்ளது மாறியதை அது அறியவில்லை. அவள் சேமித்தபோது பழைய அட்டவணையின்படியே எழுதி, புதியவற்றை அழித்தது. சில முறைமைகள் இத்தகைய நினைவுச் சாதனத்தைக் கழற்றிச் செருகியதாகவே கருதிப் புதிதாய்ப் படிக்கும். எல்லாம் அவ்வாறு செய்யும் என நம்பியிருத்தல் தகாது.

மாணவர்க்குச் சில சொற்கள்

கணினியை நெடுந்துயிலில் ஆழ்த்துமுன் பென்டிரைவில் உள்ள கோப்புகளை மூடி, முறைப்படி விடுவித்து, அதன் பின்பே கழற்றுங்கள். துயிலில் உள்ள கணினியின் வன்தட்டை வேறொரு பணிசெயல் முறைமையால் திறந்து எழுதாதீர்கள். அதே விபத்து அங்கும் நேரும்.

விழித்த கணினியில் ஒரு சாதனம் இயங்க மறுத்தால், விண்டோஸ் உடையோர் ‘ஷட் டவுன்’ செய்து பார்ப்பது வழக்கம். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் இதில் ஒரு மாற்றம் உண்டு. விரைவுத் தொடக்கம் என்னும் வசதி இயங்கும் கணினிகளில், ‘ஷட் டவுன்’ செய்தாலும் கரு நிரலும் சாரதி நிரல்களும் நெடுந்துயில் முறையிலேயே எழுதி வைக்கப்படுகின்றன. பிழையும் அவற்றோடு உறங்கி, அவற்றோடு விழிக்கக்கூடும். ‘ரீஸ்டார்ட்’ செய்தாற்றான் எல்லாம் புதிதாய்த் தொடங்கும்.

அம்மாணவிக்கு என்னவாயிற்று என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஒரு மாதத்துக்கு முன் தன் விரிவுரையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி ஒன்று அவளுக்கு எஞ்சியிருந்தது. மின்வெட்டு நேரங்களில் விளக்கின் ஒளியில் கையால் எழுதி, மின்சாரம் வந்ததும் கணினியில் ஏற்றி, கட்டுரையை மீண்டும் நிறைவு செய்தாள். இன்று அவள் பட்டதாரி. இப்பொழுதும் கணினியை உறங்க வைக்கிறாள். ஆனால் பென்டிரைவைக் கழற்றிய பின்னரே வைக்கிறாள்.