ஆடும் படகு, ஓடும் செயற்கைக்கோள்: நடுக்கடலில் இணையம் எப்படி வரும்?

மரக்காணத்தில் கரையில் நிற்கும்வரை போனில் சிக்னல் இருக்கும். உப்பளங்கள் கண்ணிலிருந்து மறைந்து, படகு ஆழ்கடலுக்குள் போகப் போக அது ஒவ்வொரு கோடாகக் குறைந்து, கடைசியில் காணாமல் போகும். 2017-ல் ஒக்கி புயலின்போது, ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேராததற்கு இதுவும் ஒரு காரணம். டவர் எட்டாத இடத்தில் செயற்கைக்கோள்தான் வழி.

டிஷ் போதாதா?

வீட்டு மாடி டிஷ் பார்ப்பது சுமார் 36,000 கி.மீ. உயரத்தில், ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும் செயற்கைக்கோளை. அதுவே காற்றில் கொஞ்சம் திரும்பினால் படம் போச்சு. ஸ்டார்லிங்க் போன்றவை சுமார் 550 கி.மீ. உயரத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 7.5 கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன. சில நிமிடங்களில் ஒன்று மறைந்து அடுத்தது வரும். கீழே படகும் ஆடும். எனவே ஆன்டெனா இடைவிடாமல் திசை மாற வேண்டும்.

அசையாமல் திரும்புவது எப்படி?

உப்புப் பாத்தியின் தண்ணீரில் வரிசையாகப் பல கற்களை ஒரே நேரத்தில் போட்டால் அலை நேராக முன்னே போகும். இடமிருந்து வலமாக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் தாமதமாகப் போட்டால் அலை வலப்பக்கம் சாயும். 'பேஸ்டு அர்ரே' ஆன்டெனா செய்வதும் இதுதான். தட்டையான பலகையில் நூற்றுக்கணக்கான குட்டி ஆன்டெனாக்கள். சிப்கள் ஒவ்வொன்றின் அலையையும் துளி முன்பின்னாக மாற்ற, பலகை அசையாமலே கற்றை மட்டும் திரும்பும்.

சிக்கல் எங்கே?

12 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 2.5 செ.மீ. அதில் ஏறக்குறைய பாதி இடைவெளியில் ஆன்டெனாக்களை வைக்க வேண்டும். இடைவெளி கூடினால், தேவையில்லாத திசையிலும் இன்னொரு கற்றை கிளம்பும். நெருக்கி வைத்தால் எண்ணிக்கை கூடும். சிப் செலவும் மின்தேவையும் ஏறும். கற்றையை 60 டிகிரி சாய்த்தால், செயற்கைக்கோளின் பார்வையில் பலகையின் பரப்பு பாதிதான். படகின் ஆட்டத்தைச் சென்சார் அளந்து உடனுக்குடன் திருத்தவும் வேண்டும். மேல்மூடியில் தண்ணீர் படிந்தால் சிக்னல் குறையும். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும்.

இப்போதைக்கு?

உயிர்காக்கும் தகவலுக்கு இவ்வளவு பெரிய பலகை தேவையில்லை. 1 லட்சம் மீன்பிடிப் படகுகளில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் ரூ.364 கோடி திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் தொடங்கப்பட்டது. இஸ்ரோ தொழில்நுட்பத்தில் இயங்கும் இந்தக் கருவி குறுஞ்செய்திகளை மட்டுமே அனுப்பிப் பெறுவதால், அகலக் கற்றை கொண்ட சிறிய ஆன்டெனாவே போதும். வீடியோ காலுக்குத்தான் திரும்பும் கற்றை வேண்டும். புயல் எச்சரிக்கை அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை.