கடைக்கும் ஒரு குடை வேண்டும்!

குறுக்குத்துறை முருகன் கோவிலைத் தண்ணீர் சூழ்ந்துவிட்டால், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கப் போவது எங்கள் திருநெல்வேலி வழக்கம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த வெள்ளம் எங்களையே தேடி வந்துவிட்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை! தாமிரபரணி கரைபுரண்டு ஜங்ஷன் பக்கம் புகுந்ததில், என் கணவரின் சின்னக் கடையும் தப்பவில்லை. டி.வி., மிக்ஸி, மின்விசிறி விற்கும் கடை.

ஷட்டரைத் தூக்கினால் அட்டைப்பெட்டியெல்லாம் கஞ்சியாய்க் கரைந்து கிடக்கிறது. அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இன்சூரன்ஸ் இருக்குல்லா, எதுக்குக் கலங்குதிய?" என்றேன்.

இருந்தது. ஆனால் பேங்குக் கடனுக்காக எடுத்தது. கடன் தொகையான 5 லட்சத்துக்கு மட்டும். கடையிலோ 8 லட்சத்துக்குச் சரக்கு. நஷ்டம் 4 லட்சம். '5 லட்சத்துக்குள்தானே, முழுசும் கிடைக்கும்' என்று நினைத்தோம். சர்வேயர் கணக்குப் போட்டார்: சரக்கில் எட்டில் ஐந்து பங்குக்குத்தானே காப்பீடு? அதனால் நஷ்டத்திலும் எட்டில் ஐந்து பங்குதான். ஆக, இரண்டரை லட்சம்!

கடை நோட்டுகளெல்லாம் நனைந்து போயிருந்தன. நான் வீட்டில் எழுதி வைத்திருந்த கொள்முதல் கணக்கும், பில் நகல்களும்தான் அந்தப் பணத்தையாவது வாங்கித் தந்தன. ரிப்பேருக்கு வந்திருந்த எதிர்வீட்டு அக்காவின் கிரைண்டருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பிறத்தியார் பொருளைத் தனியாகச் சொல்லிச் சேர்க்க வேண்டுமாம். கைக்காசு போட்டுப் புதிது வாங்கிக் கொடுத்தோம்.

கடை வைத்திருக்கும் சகோதரிகளே, நான் பட்டுத் தெரிந்துகொண்டதைக் கேளுங்கள்:

* தீபாவளி, பொங்கலுக்குச் சரக்கு நிறையும் நேரம்தான் நமக்கு மழைக்காலமும். அந்த அதிகபட்சச் சரக்கின் மதிப்புக்கே காப்பீடு செய்யுங்கள்.

* சொத்தும் சரக்குமாக 5 கோடி ரூபாய்க்குள் இருந்தால், 2021 ஏப்ரலில் வந்த 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' பாலிசி இருக்கிறது. தீ, புயல், வெள்ளம் எல்லாம் இதில் அடக்கம். மதிப்பில் 15 சதவீதம் வரை குறைந்திருந்தால் தொகையைக் குறைக்கமாட்டார்கள். அதற்கு மேல் குறைந்தால் எங்கள் கதைதான்!

* பூட்டை உடைத்துத் திருடுவதற்குத் தனிப் பாலிசி வேண்டும்.

* பொருள்களின் சீரியல் நம்பரை எழுதி வீட்டில் வையுங்கள்.

* சேதமானால் உடனே கம்பெனிக்குச் சொல்லுங்கள். போட்டோ எடுங்கள். சர்வேயர் பார்க்குமுன் எதையும் வீசிவிடாதீர்கள்.

* திருப்தியில்லையா? முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். அதன் பிறகு சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

முன்பெல்லாம் பிரீமியம் என்றாலே, "வெட்டிச் செலவு" என்பார் என் கணவர். இப்போது ஐப்பசி பிறக்குமுன்னே, "நோட்டை எடு, சரக்கு எவ்வளவுன்னு பார்ப்போம்" என்று அவரே அடுக்களைக்கு வந்துவிடுகிறார்!