வீட்டினுள் சிறு கலங்களில் வாசனைச் செடிகள்

பெரும்போக மழையில் நெற்பயிர் செழிக்கும். ஆயின் வளவிலுள்ள புதினாவும் கொத்தமல்லியும் வெள்ளம் நின்று அழுகிப்போகும். அக்காலத்தில் சமையலுக்கு வேண்டிய ஒரு பிடி இலையையும் பணங்கொடுத்தே வாங்க நேரிடுகின்றது. விறாந்தையிலோ யன்னலோரத்திலோ நான்கைந்து சிறு கலங்களை வைத்துச் செடி வளர்த்தால் இச்செலவைத் தவிர்க்கலாம்.

கலத்திலுள்ள செடி பெரும்பாலும் நீர்க்குறைவால் அன்றி நீர்மிகுதியாலேயே மடிகின்றது. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் காற்றுச் செல்லும் இடைவெளிகள் உள. அவற்றின் வழியே காற்று வேரை அடைவதால் நெல் நீர் நிற்கும் வயலிலும் வாழும். புதினா, கொத்தமல்லி, துளசி ஆகியவற்றின் வேர்களோ மண்ணிடையேயுள்ள காற்றையே நம்பியிருக்கின்றன. ஆதலால் வயலுக்கு நீர்கட்டும் பழக்கத்தைக் கலத்திற்குக் கொண்டுவரலாகாது.

கலமும் மண்ணும்

மண்சட்டி, தகரப்பேணி, பழைய வாளி ஆகிய எதுவும் உதவும். அடியில் மூன்று நான்கு துளைகள் இருத்தல் வேண்டும். மண் வெளியேறாதவாறு துளையின்மேல் ஓட்டுத்துண்டு ஒன்றை வைத்தல் போதும். அடியில் கற்களைத் தடிப்பாகப் பரப்புவதால் நீர்வடிப்பு மேம்படாது. பூச்சிநாசினி இருந்த கலத்தை எவ்வளவு கழுவினும் இதற்குப் பயன்படுத்தலாகாது. உண்ணும் இலையில் நஞ்சு சேரக்கூடும்.

வயற்களி கலத்தில் இறுகிவிடும். மேல்மண், நன்கு மக்கிய கூட்டெரு, ஆற்றுமணல் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து நிரப்புக.

நடும் முறை

புதினா: நான்கு அங்குலத் தண்டுகளை வெட்டி, கீழிலைகளை நீக்கி, அகன்ற கலத்தில் நடுக. இது பக்கத்தே படர்ந்து வளரும்.

கொத்தமல்லி: விதையை மெதுவாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து, அரை அங்குல ஆழத்தில் விதைக்குக. இதன் வேர் ஆழமாகச் செல்வதால் எட்டு அங்குல ஆழமுள்ள கலம் வேண்டும். நாற்றைப் பிடுங்கி நடுதல் நன்றன்று. மூன்று வாரங்களுக்கு ஒருமுறை வேறொரு கலத்தில் விதைத்துவரின் இலை தொடர்ந்து கிடைக்கும்.

ரம்பை: தாய்ச்செடியின் பக்கக் கன்றைப் பிரித்து நடுக. இது நிழலையும் ஈரத்தையும் ஓரளவு தாங்கும்.

துளசி: வெயில் நன்கு படும் யன்னலில் வைத்து, பூங்கதிரைக் கிள்ளிவருக.

பராமரிப்பு

தண்டு நீண்டு வெளிறினால் வெளிச்சம் போதாதென அறிக. செடி ஒரு பக்கம் சாயாதிருக்கக் கலத்தை இடையிடையே திருப்பிவைக்க வேண்டும்.

விரலை ஓரங்குலம் மண்ணில் செலுத்திப் பார்க்குக. உலர்ந்திருப்பின் மட்டுமே அடித்துளையால் வடியும்வரை நீர் விடுக. ரம்பைக்கு மட்டும் மண் முற்றாக உலருமுன்னரே நீர் விடலாம். கலத்தின்கீழுள்ள தட்டில் தேங்கும் நீரை உடனே கொட்டிவிட வேண்டும். டெங்கு நுளம்பு இத்தகைய தேங்கிய நீரில் முட்டையிடும். முட்டை முழு நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். தட்டின் ஓரத்தில் முட்டைகள் ஒட்டியிருக்குமாதலால் வாரம் ஒருமுறை அதனைத் தேய்த்துக் கழுவுதல் அவசியம்.

இலை பறிக்கும்போது செடியின் மூன்றிலொரு பங்குக்கு மேற் கொய்யாதீர்கள். புதிதாகத் தொடங்குவோர் புதினாக் கலம் ஒன்றுடன் தொடங்குவது நன்று.