நேத்து செட் பண்ண ‘பாத்’ இன்னைக்கு காணோமா? கம்ப்யூட்டர் ஏன் மறக்குது?

“அண்ணா, ஜாவா போட்டாச்சு, பாத்தும் கொடுத்தாச்சு. ஆனா மறுபடி திறந்தா ‘ஜாவாசி’ன்னா யாருன்னே தெரியலைங்குது.” குயிலாப்பாளையத்திலிருந்து சித்தி மகன் போன் செய்தபோது இரவு ஒன்பது மணி. காலையில் அவனுக்கு பிராக்டிகல்.

என்விரான்மென்ட் வேரியபிள் என்பது ஒரு பெயர், அதற்கொரு மதிப்பு. அவ்வளவுதான். அதில் ‘பாத்’ என்பது, கட்டளை கொடுத்தால் எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்கிற பட்டியல்.

ஒவ்வொரு புரோகிராமும் திறக்கும்போது இந்தப் பட்டியலின் நகல் ஒன்றை வாங்கிக்கொள்கிறது. கமாண்ட் பிராம்ப்ட்டில் ‘செட்’ என்று அடித்தால் மாறுவது அந்த ஜன்னலின் நகல் மட்டும்தான். மூடினால் போச்சு. அதாவது ரீசெட் ஆகவில்லை, சேமிக்கப்படவே இல்லை. தம்பி செய்ததும் இதுதான்.

நிரந்தரமாக மாற்ற, ஸ்டார்ட்டில் ‘என்விரான்மென்ட்’ என ஆங்கிலத்தில் தேடுங்கள். உங்கள் அக்கவுன்ட்டுக்கான பக்கத்தில் பாத், எடிட், நியூ. ஜேடிகே-யின் ‘பின்’ ஃபோல்டரைக் கொடுத்து எல்லா பெட்டியிலும் ஓகே. பிறகு ஜன்னலைப் புதிதாகத் திறக்க வேண்டும். விஎஸ் கோடு திறந்திருந்தால் அதையும் முழுசா மூடணும். பழைய நகலோடு ஓடிக்கொண்டிருக்கும்.

‘செட்எக்ஸ்’ கட்டளையும் சேமிக்கும். ஆனால் 1024 எழுத்துக்கு மேல் போனால் வெட்டிவிடும். நீளமான பாத்தை அதில் எழுதி, இருந்ததையும் இழந்தவர்கள் உண்டு.

2011-ல் தொடங்கிய தமிழக அரசின் இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. அங்கே ‘எக்ஸ்போர்ட்’ கட்டளைக்கும் இதே ஆயுள்தான். ஹோம் ஃபோல்டரில் உள்ள ‘.பாஷ்ஆர்சி’ ஃபைலின் கடைசியில் அந்த வரியை எழுதினால் நிற்கும்.

சரியாகச் சேமித்தும் காணாமல் போகிறதா? டெஸ்க்டாப் ஃபைல்களும் சேர்ந்து மறைந்தால், விண்டோஸ் தற்காலிக புரொஃபைலில் உங்களை உள்ளே விட்டிருக்கலாம். அதில் எதை வைத்தாலும் லாக் அவுட் ஆனதும் அழியும். கல்லூரி லேப் என்றால் ‘டீப் ஃப்ரீஸ்’ போன்ற சாஃப்ட்வேர் இருக்கலாம். ரீஸ்டார்ட் ஆனதும் எல்லாம் பழையபடி.

தம்பியிடம் கடைசியாகச் சொன்னது: “வீட்டு லேப்டாப்ல சேமிச்சுடு. ஆனா அந்த ‘செட்’ கட்டளையை மறந்துடாதே. லேப்ல பாத் இல்லைன்னா, அந்த ஒரு ஜன்னலுக்கு அதுவே போதும். பழைய பாத்தை அப்படியே வச்சு, செமிகோலன் போட்டு சேர்த்துக்க. பரீட்சை முடியறவரைக்கும் ஜன்னலை மூடிடாதே.”