ஊருக்குப் போனாலும் செடி வாடாதது எப்படி?

அடியில் தண்ணீர், மேலே மண், நடுவே ஒரு பருத்தித் திரி. தானே நீர் எடுத்துக்கொள்ளும் பூந்தொட்டிக்கு இவ்வளவுதான் வேண்டும். மோட்டார் இல்லாமல் தண்ணீர் ஏன் மேலே ஏறுகிறது?

நீர் மூலக்கூறுகள் பருத்தி இழையில் ஒட்டிக்கொள்கின்றன. அவை ஒன்றையொன்றும் பிடித்திருப்பதால், முன்னே செல்பவை பின்னால் உள்ளவற்றையும் இழுத்துச் செல்கின்றன. இதுவே நுண்புழை ஏற்றம். துளை எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயரம் ஏறும்: 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள கண்ணாடிக் குழாயில் சுமார் 3 சென்டிமீட்டர், 0.1 மில்லிமீட்டரில் சுமார் 30. துணி இழைகளின் இடைவெளி மிக நுண்ணியது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, அளவைச் செடியே தீர்மானிப்பதுதான். வேர் உறிஞ்சி மண் காயக் காயத் திரி வேகமாக இழுக்கும். மண் நனைந்ததும் இழுவை தளரும். வெயில் நாளில் கூடுதல், மேகமூட்ட நாளில் குறைவு.

மெருகிடாத மண்பானையைப் புதைத்து நீர் நிரப்பினாலும் இதே போலக் கசியும். கி.மு. 1ஆம் நூற்றாண்டிலேயே சீனாவின் ஃபான் ஷெங்ஜி தன் வேளாண் நூலில் அதை விவரித்திருக்கிறார்.

திரித் தொட்டியைச் செய்து பார்க்க, பழைய வேட்டிக் கிழிசல் போதும்; நனைத்த பிறகே மண்ணில் செருகுங்கள். பருத்தி நாளடைவில் மக்கிவிடும், நைலான் கயிறு நீடிக்கும். தென்னை நார்த்தூள் கலந்த மண் ஈரத்தை நன்றாகப் பரப்பும். அடிப்பாத்திரத்தை மூடியே வையுங்கள், இல்லாவிட்டால் கொசு முட்டையிடும்.